சூடு உண்டாகவில்லையா, வந்து சேரவில்லையா? கெய்சர் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

"அண்ணே, கெய்சர்ல சுடுதண்ணி வரலைங்க." எலக்ட்ரீஷியனுக்குப் போகும் போனில் பெரும்பாலும் இந்த ஒரு வரிதான் இருக்கும். இதை வைத்து அவரால் எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரு சொட்டுகூடச் சூடாக வரவில்லையா? வெதுவெதுப்பாக வருகிறதா? முதல் அரை வாளி சூடாக வந்து, பிறகு பச்சைத் தண்ணீராகிவிடுகிறதா? நல்ல சூடு, ஆனால் நூல் போல ஒழுகுகிறதா? நான்கும் நான்கு வேறு கோளாறுகள். இரண்டு எலக்ட்ரீஷியன் வேலை, ஒன்று பிளம்பர் வேலை, இன்னொன்று கோளாறே இல்லாமலும் இருக்கலாம்.

ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கும் முன் ஒரே ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும். டேங்குக்குள் சூடு உண்டாகவே இல்லையா, உண்டான சூடு குழாய்வரை வந்து சேரவில்லையா? இதைப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிரிக்காமல் காயிலை (தண்ணீரைச் சூடாக்கும் கம்பி) மாற்றுவதும் தெர்மோஸ்டாட்டை (வேண்டிய சூடு வந்ததும் காயிலை நிறுத்தும் கருவி) மாற்றுவதும் வீண் செலவு.

உள்ளே என்ன நடக்கிறது

சேலம் பக்கத்து வீடுகளில் அதிகம் இருப்பது 15 லிட்டர் அல்லது 25 லிட்டர் டேங்க் கெய்சர், 2000 வாட் காயிலுடன். பச்சைத் தண்ணீர் அடியில் நுழைகிறது. காயிலும் அடிப்பக்கம்தான். சூடான தண்ணீர் எடை குறைந்து மேலே ஏறி நிற்கும். வெந்நீர் வெளியே போகும் பைப்பின் வாய் டேங்கின் உச்சிக்கு அருகில் இருக்கும். குழாயைத் திறந்ததும் அடியில் நுழையும் பச்சைத் தண்ணீர்தான் மேலே இருக்கும் வெந்நீரைத் தள்ளி அனுப்புகிறது. கெய்சருக்குள் மோட்டார் எதுவும் இல்லை. அதனால் வெந்நீர் மெலிதாக வந்தால், வெந்நீர்ப் பைப்பை மட்டும் பார்த்தால் போதாது. பச்சைத் தண்ணீர் நுழையும் பக்கத்து வால்விலும் அடைப்பு இருக்கலாம்.

புதிதாக மாட்டிய கெய்சரில் முதல் நாளிலிருந்தே சூடு சரியில்லை என்றால், இரண்டு பைப்பும் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். நீல வளையம் உள்ள பக்கம் பச்சைத் தண்ணீர், சிவப்பு வளையம் உள்ள பக்கம் வெந்நீர். மாற்றிக் கொடுத்திருந்தால் பச்சைத் தண்ணீர் உச்சியில் கொட்டும், அடியில் இருக்கும் ஆறிய தண்ணீர் வெளியே வரும். காயில் ஒழுங்காக வேலை செய்தும் குளிக்கத் தண்ணீர் இருக்காது.

முதல் சோதனை: மீட்டர் விளக்கு

மூடியைக் கழற்றாமல், ஒயரைத் தொடாமல் செய்யக்கூடிய சோதனை இது. ஃபிரிட்ஜ், ஃபேன், மோட்டார் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு கெய்சரை மட்டும் போடுங்கள். தண்ணீர் ஆறியிருக்க வேண்டும். ஏற்கெனவே சூடாக இருந்தால் தெர்மோஸ்டாட் காயிலை நிறுத்தி வைத்திருக்கும். இப்போது கரண்ட் மீட்டரில் சிமிட்டும் சிறிய சிவப்பு விளக்கைப் பாருங்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று மீட்டர் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். அது 3200 என்றால், 2000 வாட் காயில் முழு வேகத்தில் ஓடும்போது 10 விநாடிக்குக் கிட்டத்தட்ட 18 முறை சிமிட்டும்.

விளக்கு ஏறக்குறைய அசையாமல் இருந்தால் காயிலுக்குக் கரண்ட் போகவில்லை, அல்லது காயில் அறுந்துவிட்டது. 18 முறை சிமிட்டியும் குழாயில் சூடு இல்லையென்றால் சூடு உண்டாகிறது, வழியில் தொலைகிறது. 11 அல்லது 12 முறை மட்டும் சிமிட்டினால் வோல்டேஜைச் சந்தேகப்படுங்கள். வோல்டேஜ் 230-லிருந்து 180-க்கு இறங்கினால் காயிலின் திறன் கால்வாசி குறையும் என்றுதான் தோன்றும். உண்மையில் 2000 வாட் காயில் 1225 வாட்டாகிவிடும். வோல்டேஜ் குறையும்போது ஓடும் கரண்டும் சேர்ந்து குறைவதால் இழப்பு இரட்டிப்பாகிறது. தோட்டத்து மோட்டார்களெல்லாம் ஓடும் காலை நேரத்தில், லைனின் கடைசியில் இருக்கும் வீட்டில் கெய்சர் "மந்தமாக" இருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அங்கே காயிலை மாற்றி ஒரு பயனும் இல்லை.

எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்

25 டிகிரியில் இருக்கும் 15 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்கு ஏற்ற 2000 வாட் காயிலுக்கு 18 நிமிடம் ஆகும். 25 லிட்டருக்கு 30 நிமிடம். இது சேலத்துக் கணக்கு.

அதே கெய்சரை 1500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டுக்குக் கொண்டுபோய் மாட்டினால் கணக்கு மாறும். அங்கே மார்கழிக் காலையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் 15 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 லிட்டருக்கு 23 நிமிடத்துக்கு மேல், 25 லிட்டருக்கு 39 நிமிடம். நேரம் மட்டுமல்ல, அளவும் குறைகிறது. குளிக்க 40 டிகிரி போதும், அதற்காக 60 டிகிரி வெந்நீரில் பச்சைத் தண்ணீரைக் கலக்கிறோம். 25 லிட்டர் டேங்க் சேலத்தில் இப்படி 58 லிட்டர் குளியல் தண்ணீர் தரும். ஏற்காட்டில் கலக்கும் தண்ணீரும் சில்லென்று இருப்பதால் 45 லிட்டர்தான். மூன்று பேர் அடுத்தடுத்துக் குளித்துவந்த வீட்டில் மூன்றாமவருக்குப் பச்சைத் தண்ணீர் வந்தால் அது கோளாறு இல்லை, டேங்க் போதவில்லை.

டேங்க் இல்லாத மாதிரி இருக்கும் 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கெய்சரை மலைக்குக் கொண்டுபோக வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. அதில் 3000 வாட் காயில் இருக்கும். நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடவிட்டால் அந்தக் காயிலால் தண்ணீரை 14 டிகிரிதான் ஏற்ற முடியும். 15 டிகிரியில் நுழைந்த தண்ணீர் 29 டிகிரியில் வெளியே வரும். அது சேலத்தில் சித்திரை மாதத்துப் பச்சைத் தண்ணீர். குழாயைச் சிறிதாக வைத்து நிமிடத்துக்கு 2 லிட்டராகக் குறைத்தாலும் 37 டிகிரியைத் தாண்டாது. எந்த மெக்கானிக் வந்தாலும் இதை மாற்ற முடியாது.

கரண்ட் வராத கோளாறுகள்

மீட்டர் விளக்கு சிமிட்டவில்லை என்றால் வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். முதலில் எம்.சி.பி. (அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் தானாக இறங்கும் சுவிட்ச்) இறங்கியிருக்கிறதா. அடுத்து 16 ஆம்பியர் சாக்கெட்டும் பிளக்கும். 2000 வாட்டுக்கு எட்டரை ஆம்பியருக்கு மேல் ஓடும். சாக்கெட்டின் உள்தகடு சற்றுத் தளர்ந்தாலும் அந்த இடம் சூடேறி, பிளக்கின் கால் கருத்து, பிளாஸ்டிக் உருகும். மெயினை இறக்கிவிட்டு பிளக்கை உருவிப் பாருங்கள். ஒரு காலைச் சுற்றி மட்டும் பழுப்பு வளையம் இருந்தால் சாக்கெட், பிளக் இரண்டையும் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கருக்கிவிடும். ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு இருக்க வேண்டும்.

சாக்கெட் சரி என்றால் கட்-அவுட். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு நிற்காமல் தண்ணீர் அளவுக்கு மேல் கொதித்தால் லைனைத் துண்டிக்கும் பாதுகாப்பு அது. பல மாடல்களில் அடி மூடிக்குள் சிறிய பொத்தானாக இருக்கும், மெயினை இறக்கிவிட்டு அழுத்தினால் மீண்டும் சேரும். ஒருமுறை சேர்ந்து பல மாதம் ஓடினால் சரி. அதே வாரத்தில் மறுபடி விழுந்தால் தெர்மோஸ்டாட் கெட்டிருக்கிறது, அல்லது அதன் கம்பியைச் சுற்றி உப்பு படிந்து உண்மையான சூடு அதற்குத் தெரியவில்லை. கட்-அவுட்டைத் தாண்டி நேராக ஒயர் கொடுத்து "இப்ப ஓடுதுங்க" என்று விட்டுப் போகும் ஆட்கள் இருக்கிறார்கள். அதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். மூடிய டேங்கில் தண்ணீர் கொதித்தால் அது வெடிக்கும் பொருள்.

கடைசியாகக் காயில். கரண்டை நிறுத்தி, இரண்டு ஒயரையும் கழற்றி, மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து இரண்டு முனையிலும் தொட்டால் 2000 வாட் காயில் 26 ஓம்ஸ் அருகில் காட்டும், 3000 வாட் காயில் 17 அல்லது 18. எதுவும் காட்டவில்லையென்றால் அறுந்துவிட்டது.

சூடு வழியில் தொலையும் கோளாறுகள்

இதில் அதிகம் ஏமாற்றுவது மிக்சர் குழாய். வெந்நீர், பச்சைத் தண்ணீர் இரண்டும் ஒரே குழாய்க்குள் சேரும் இடத்தில் உள்ளே இருக்கும் வாஷரோ கார்ட்ரிட்ஜோ தேய்ந்தால், பச்சைத் தண்ணீர் சத்தமில்லாமல் வெந்நீர்ப் பைப்பில் ஏறிவிடும். கெய்சர் கொதிக்கும், குழாயில் வெதுவெதுப்பு. சோதனை எளிது. கெய்சருக்கு வரும் பச்சைத் தண்ணீர் வால்வை மூடுங்கள். வெந்நீர்க் குழாயைத் திறங்கள். பைப்பில் தங்கியிருந்தது வடிந்ததும் தண்ணீர் நின்றுவிட வேண்டும், ஏனென்றால் கெய்சரிலிருந்து தள்ள எதுவும் இல்லை. நிற்காமல் ஓடினால் அது வேறு வழியாக வரும் பச்சைத் தண்ணீர். பாத்ரூமில் உள்ள ஒவ்வொரு மிக்சரின் அடியிலும் இருக்கும் ஆங்கிள் காக் என்ற சிறிய வால்வை ஒவ்வொன்றாக மூடுங்கள். எதை மூடியதும் ஓட்டம் நிற்கிறதோ, அந்த மிக்சர்தான் குற்றவாளி. சோதனை முடிந்ததும் வால்வைத் திறக்க மறக்காதீர்கள். அதற்கு முன் கெய்சரைப் போடக் கூடாது.

மாடியில் கெய்சர், கீழே குளியல் என்றால் பைப் தூரமும் கணக்கில் வரும். வெந்நீருக்குப் போடும் அரை அங்குல சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப் 10 மீட்டர் ஓடினால் அதற்குள்ளேயே ஒன்றேகால் லிட்டர் நிற்கும். ஒவ்வொரு முறை ஆறிய பிறகும் அவ்வளவும் முதலில் பச்சையாக வரும். சுவருக்குள் போகாத பகுதிக்கு நுரைக் குழாய் உறை மாட்டினால் ஏற்காட்டுக் குளிரில் நல்ல வித்தியாசம் தெரியும்.

சேலத்தின் உண்மையான எதிரி: உப்பு

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் பக்கம், மலையடிவாரத்தில் வெள்ளைவெளேர் என்று மேக்னசைட் சுரங்கம் தெரியும். அந்த வெள்ளைக்கல் மக்னீசியம் கார்பனேட். எல்லா போர்வெல்லும் அந்தக் கல்லில் இறங்கவில்லை. ஆனால் பாறைக்குள் ஊறி வரும் தண்ணீர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், கடினத்தன்மை (இப்படிக் கரைந்த உப்பின் அளவு) லிட்டருக்கு 200 மில்லிகிராம் இருந்தால் ஏற்கலாம், வேறு தண்ணீர் இல்லாதபோது 600 வரை பொறுக்கலாம் என்கிறது. சோப்பு நுரைக்காத, பருப்பு வேகாத போர்த் தண்ணீரை ஊற்றும் கெய்சருக்கும், காவிரித் தண்ணீர் மட்டும் வரும் கெய்சருக்கும் ஆயுள் ஒன்றாக இருக்காது.

கரைந்திருக்கும்வரை அந்த உப்பு கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் சூடாகும்போது அதிலிருக்கும் கரியமில வாயு வெளியேறி, உப்பு கல்லாகப் படிகிறது. டேங்கில் மிகச் சூடான இடம் காயிலின் மேல்தோல், அதனால் முதலில் அங்கேதான் கட்டும். தொடக்கத்தில் முட்டை ஓடு மாதிரி மெல்லிய பூச்சு. பிறகு விரல் பருமன் பக்கு. கழற்றிப் பார்த்தால் காயிலின் வளைவுகளே தெரியாமல், சாம்பல் வெள்ளையில் ஒரே கட்டியாக, தட்டினால் ஓட்டுச்சில் போல உதிரும். அந்தப் பக்கு சூட்டைத் தண்ணீருக்குப் போகவிடாது. உள்ளே இருக்கும் காயில் அளவுக்கு மேல் சூடேறி, அதன் உறை விரிசல் விட்டு, தண்ணீர் உள்ளே கசியும். அப்போதுதான் ஈ.எல்.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இறங்கத் தொடங்கும், அதுவும் போட்டவுடன் அல்ல, காயில் சூடேறிய சில நிமிடம் கழித்து.

அந்த நிலைக்கு முன்பே அறிகுறிகள் உண்டு. சூடாகும்போது டேங்குக்குள் படபடவென்று சத்தம், பக்குக்கு அடியில் மாட்டிய தண்ணீர் ஆவியாகி வெடிக்கும் சத்தம் அது. வெந்நீரோடு வெள்ளைத் துகள். ஷவரில் பாதித் துளைகள் அடைப்பு. வெந்நீர் மட்டும் மெலிவது.

சுத்தம் செய்யும் முறையை வரிசை மாறாமல் செய்யுங்கள். எம்.சி.பி.யை இறக்கி பிளக்கையும் கழற்றுங்கள். தண்ணீர் ஆறட்டும், இரவு நிறுத்திக் காலையில் தொடங்குவது நல்லது. பச்சைத் தண்ணீர் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்தால் காற்று உள்ளே போக வழி கிடைக்கும். அடியில் பச்சைத் தண்ணீர் பைப்பைக் கழற்றி, வாளியில் முழுவதும் வடியுங்கள். பிறகு அடி மூடி. ஒயர்கள் எந்த முனையில் இருந்தன என்று கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தட்டைப் பிடித்திருக்கும் நட்டுகளைக் கழற்றினால் காயில், தெர்மோஸ்டாட் குழாய், ஆனோடு கம்பி மூன்றும் ஒன்றாக இறங்கும்.

பக்கைக் கத்தியால் சுரண்டாதீர்கள், காயிலின் உறை கிழியும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 கிராம் கரைத்து, முனைகள் நனையாதபடி காயிலை மட்டும் ஊறவையுங்கள். நுரைத்துக்கொண்டே கரையும். நுரை அடங்கியும் பக்கு மிச்சமிருந்தால் புதிதாகக் கரைத்து மறுபடி ஊறப்போடுங்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட் வேண்டவே வேண்டாம். அது காயிலையும் டேங்கையும் அரிக்கும், பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் விஷவாயு கிளம்பும். டேங்கின் அடியில் தங்கிய துகளைக் கையால் வாரி, தண்ணீர் ஊற்றி அலசிவிடுங்கள்.

ஆனோடு கம்பியைக் கவனியுங்கள். அது மக்னீசியம். துரு டேங்கைத் தின்னாமல் தன்னைத் தின்னக் கொடுப்பதற்காக வைத்தது. பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றுங்கள். அது தீர்ந்த பிறகும் ஓட்டினால் அடுத்தது டேங்கில் ஓட்டைதான், அதற்கு வைத்தியம் கிடையாது. தட்டுக்கும் டேங்குக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டைப் புதிதாகப் போடுங்கள். பழையதை மாட்டினால் முதல் சூட்டிலேயே கசியும். நட்டுகளை ஒன்றுக்கொன்று எதிர் எதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கடைசிப் படியில்தான் பலரும் தவறுகிறார்கள். வெந்நீர்க் குழாயில் காற்றெல்லாம் போய்த் தடையில்லாமல் தண்ணீர் வரும்வரை கரண்ட் போடக் கூடாது. தண்ணீர் இல்லாத காயில் நிமிடக் கணக்கில் எரிந்துபோகும்.

போர்த் தண்ணீர் வீட்டில் ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். தெர்மோஸ்டாட்டை 75-ல் வைக்காமல் 60-ல் வைத்தால் உப்பு கட்டும் வேகமும் குறையும். 60 டிகிரியே ஐந்து விநாடியில் தோலைப் புண்ணாக்கும், குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர்.

ஈ.எல்.சி.பி. இறங்கினால் அதை மாற்றுவதல்ல தீர்வு. பிளக்கைக் கழற்றிய பிறகு இறங்காமல் நின்றால் கசிவு கெய்சருக்குள் இருக்கிறது. தண்ணீரைத் தொட்டால் சுரீர் என்கிற வீட்டில் அன்றே கெய்சரைப் பிளக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

வால்வில் சொட்டுவது

கெய்சர் சூடாகும்போது அடியிலுள்ள பாதுகாப்பு வால்வு சொட்டுவதைப் பார்த்துப் பயந்து, அதன் வாயில் மூடி போடுகிறவர்கள் உண்டு. தண்ணீர் சூடானால் விரியும். 15 லிட்டர் 25-லிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது சுமார் 200 மில்லி, அதாவது ஒரு டம்ளர் கூடும். மூடிய டேங்கில் அது போக வேண்டிய வழி அந்த வால்வுதான். அதை அடைப்பது குக்கரின் விசிலை அடைப்பதற்குச் சமம். கெய்சர் ஆறியிருக்கும்போதும் சொட்டினால்தான் கோளாறு. வால்வின் இருக்கையில் உப்புத்துகள் மாட்டியிருக்கும். நெம்புகோலை இரண்டு மூன்று முறை தூக்கிவிட்டுப் பாருங்கள், நிற்கவில்லையென்றால் வால்வை மாற்றுங்கள்.

கேஸ் கெய்சர், டீசல் பாய்லர்

கேஸ் கெய்சரில் தீயைத் திறப்பது தண்ணீரின் அழுத்தம். குழாயைத் திறந்ததும் உள்ளே ஒரு ரப்பர் சவ்வு உப்பி, கேஸ் வால்வைத் தள்ளும். தொட்டி உயரம் போதாவிட்டாலும், நுழைவாயில் சல்லடையில் மணல் அடைத்தாலும் சவ்வு உப்பாது, பற்றாது. தண்ணீர் நன்றாக வந்தும் டிக் டிக் சத்தம் இல்லையென்றால் இரண்டு பெரிய பேட்டரியை மாற்றுங்கள், பெரும்பாலும் அதுதான். பற்றி எரிந்து சுமார் 20 நிமிடத்தில் தானாக அணைந்தால், பல மாடல்களில் அது பாதுகாப்புக்கு வைத்த நேரக்கட்டு. ஏற்காட்டில் சிலிண்டர் தீரும் தறுவாயில் தீ சிறுத்தால் ஆச்சரியமில்லை. எளிதில் ஆவியாகும் புரோப்பேன் முன்னால் போய்விட்டு, குளிரில் சோம்பும் பியூட்டேன் அடியில் மிஞ்சியிருக்கும்.

கேஸ் கெய்சரைப் பாத்ரூமுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில்தான் மாட்ட வேண்டும். குளிருக்குப் பயந்து ஜன்னலை அடைத்த சிறிய பாத்ரூமில் அது எரிந்தால் ஆக்சிஜன் குறைந்து கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு சேரும். மணம் இல்லை, நிறம் இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு வந்து எழுந்திருக்கும் முன் மயங்கிவிடுவார்கள். நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளாக எரிந்தால் அன்றே நிறுத்துங்கள்.

மலை விடுதியில் டீசல் பாய்லர் வைத்திருப்பவர்களுக்கும் அதே முதல் கேள்விதான். பிரிட்டன், அயர்லாந்துக் கிராமங்களில் ஒரே எண்ணெய்ப் பாய்லர் அறையையும் சூடாக்கி, குழாய்க்கும் வெந்நீர் தரும். அதை அங்கே காம்பி பாய்லர் என்பார்கள். உங்களுடையதும் அந்த வகை என்றால், அறை சூடாக இருந்து குழாய் மட்டும் ஆறியிருந்தால், பர்னரில் (டீசலைப் பீய்ச்சி எரிக்கும் பகுதி) பழுதில்லை. வழியை மாற்றும் வால்வு ஒட்டியிருக்கும், அல்லது பாய்லரின் சூட்டைக் குழாய்த் தண்ணீருக்கு மாற்றும் தகட்டு வெப்பமாற்றியில் உப்பு அடைத்திருக்கும். இரண்டும் ஆறியிருந்தால்தான் பர்னரைத் திறக்க வேண்டும்.

பர்னர் பற்றாமல் சிவப்பு விளக்கு எரிந்தால் வரிசை இதுதான்: டேங்கில் டீசல் இருக்கிறதா, வால்வு திறந்திருக்கிறதா, ஃபில்டர் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா, தீயைப் பார்க்கும் கண்ணில் கரி படிந்திருக்கிறதா. கண்ணை மென்மையான துணியால் துடைத்தால் போதும். டீசல் ஒருமுறை முழுதும் தீர்ந்துபோயிருந்தால், நிரப்பிய பிறகும் பைப்பில் காற்று நிற்கும், பம்பின் காற்றுத் திருகைத் திறந்து வெளியேற்ற வேண்டும். ரீசெட் பொத்தானை இரண்டு முறைக்கு மேல் அழுத்த வேண்டாம். ஒவ்வொரு அழுத்தலுக்கும் எரியாத டீசல் அறைக்குள் பீய்ச்சித் தேங்கும், பிறகு பற்றும்போது அத்தனையும் ஒரே மூச்சில் பற்றும்.